விலை கொடுத்தவனுக்கே பூட்டு!

கொழும்பிலிருந்து அவிசாவளை ஊடாக இரத்தினபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், இரத்தினபுரியை அடைவதற்குச் சற்று முன்பாகக் குருவிட்ட என்னும் சிறு நகர் உண்டு. அருகே குரு கங்கை ஓடுகின்றது. சுற்றிலும் றப்பரும் தேயிலையும் போர்த்த குன்றுகள். வயல்களின் நடுவே கூரை வேய்ந்த மாணிக்கக் குழிகள். எரத்ன வழியாகச் சிவனொளிபாத மலைக்கு ஏறும் யாத்திரிகர்கள் இந்நகரைக் கடந்தே செல்வர்.

மாணிக்கத்துக்குப் பெயர்பெற்ற இம்மண்ணில் ஒருவன் நீலக்கல் ஒன்றை விலைக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வியாபாரி பணத்தை எண்ணி வாங்கிக்கொள்கின்றார். பின்னர் கல்லை ஒரு பெட்டியில் இட்டுப் பூட்டிப் பெட்டியை மட்டும் அவனிடம் கொடுக்கின்றார். “கல் உம்முடையதுதான், ஐயமில்லை. ஆயினும் அதைப் பார்க்க விரும்பும் போதெல்லாம் எமது கடைக்கு ஆளனுப்பி அனுமதி பெறவேண்டும். கடை பூட்டியிருந்தால் அன்றைக்குப் பார்க்க இயலாது. நாம் கடையையே மூடிவிட்டால் பின்னர் ஒருநாளும் பார்க்க இயலாது” என்கின்றார். இரத்தினபுரிச் சந்தையில் எவரேனும் இவ்வாறு பேசினால் ஊரார் கைகொட்டிச் சிரிப்பர். ஆனால், கணினி விளையாட்டு உலகில் இன்று இதுவே அன்றாட வியாபாரமாக இருக்கின்றது.

இதனை நாம் நூல்களிலிருந்து அறியவில்லை. எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவனிடமிருந்தே அறிந்தோம். ஆசிரியர் மாணவனிடம் பாடம் கேட்பது புதுமையன்று; ஆனால் இம்முறை பாடம் சற்றுக் கசப்பாக இருந்தது.

எம் அறிவுரையும் அதன் பயனும்

அந்த மாணவனின் தந்தை தோட்டத்தில் றப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளி. 2021ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் இணையவழியாக நடைபெற்ற வேளையில், மகனின் படிப்புக் கெட்டுவிடக்கூடாதென்று கடன்பட்டு ஒரு பழைய மடிக்கணினியை அவர் வாங்கிக் கொடுத்தார். பாடம் முடிந்ததும் பையன் விளையாட்டில் இறங்குவான். அவன் விளையாடியவை யாவும் பஸ் நிலையத்தருகே இருந்த கடையொன்றில் சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும் களவுப் பிரதிகள்.

நாம் வகுப்பிலே புலமைச் சொத்தைப் பற்றிப் பேசினோம். நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பாதுகாப்பு அளிக்கின்றது என்பதை எடுத்துக் கூறினோம். “மாணிக்கக் குழியில் இறங்கிச் சேற்றில் நின்றவனின் பங்கைக் கொடாமல் விடுவதும், ஒரு விளையாட்டை ஆக்க ஆண்டுக்கணக்காக உழைத்தவனின் கூலியைக் கொடாமல் விடுவதும் ஒன்றே” என்றோம். பையன் அதனை நெஞ்சில் வாங்கிக்கொண்டான். மூன்று மாதங்கள் கழித்துத் தந்தையும் மகனும் எம் வீட்டு வாசலில் வந்து நின்றனர். கையில் சேமித்த பணம். அவர்களிடம் வங்கி அட்டை இல்லை. ஆகையால் எமது அட்டையைக் கொண்டு அசல் விளையாட்டொன்றை வாங்கித் தரும்படி வேண்டினர். 2022 சனவரியில் அவ்வாறே வாங்கிக் கொடுத்தோம். ஒரு மாணவனை நல்வழிப்படுத்திவிட்டோம் என்ற பெருமிதம் எமக்கு.

அப்பெருமிதம் இரண்டு மாதங்கள்கூட நிலைக்கவில்லை.

அந்த விளையாட்டு ஒருவர் தனியாக ஆடுவது. வேறெவரும் அதில் பங்குகொள்வதில்லை. ஆயினும் அது தொடங்கும்போதும், ஆடும்போதும், கடல் கடந்த ஒரு நிறுவனத்தின் கணினியோடு தொடர்பு கொண்டவாறே இருக்கவேண்டும். தொடர்பு அறுந்தால் ஆட்டம் நின்றுவிடும். 2022 மார்ச் மாத இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதை எவரும் மறந்திரார். மடிக்கணினியில் மின்கலம் இருந்தது. ஆனால் மின்சாரம் போனால் சிறிது நேரத்தில் தொலைபேசிக் கோபுரமும் உறங்கிவிடும். மின்சாரம் இருந்த வேளையிலும், லயத்தினுள்ளே தொடர்பு வருவது அரிது. கோயிலருகேயுள்ள பாறைமீது ஏறி நின்றால்தான் வரும்.

இது போதாதென்று, கணினி பழுதாகி இரு தடவை திருத்தகத்துக்குச் சென்று வந்தது. ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவினார்கள். விளையாட்டு நிறுவனத்தின் கணக்கிலோ ஒவ்வொன்றும் ஒரு புதுக் கணினியாகப் பதிவாயிற்று. “அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை முடிந்தது” என்று ஒரு நாள் கதவு அடைபட்டது. நாம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினோம். பற்றுச்சீட்டைக் கேட்டார்கள், அனுப்பினோம். பின்னர் வாரக்கணக்கில் மௌனம்.

அவ்வேளையில் பையன் எம்மிடம் வந்தான். முகத்தில் கோபமில்லை, குழப்பமே இருந்தது.

“சேர், இது பஸ் ஸ்டாண்டுக் கடையில வாங்குனது. அதே கேம்தான். இன்டர்நெட் கேக்கல்ல, ஒண்ணுமே கேக்கல்ல. நீங்க வாங்கச் சொன்னதுதான் ஓட மாட்டேங்குது.”

அன்று மாலை அவனது தந்தையை வழியிலே சந்தித்தோம். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “காசு குடுத்து வாங்குனதுக்கு இதுதானுங்களா ஐயா?”

எமக்கு விடை தெரியவில்லை. இருபது ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்ற எமக்கு, ஒரு தொழிலாளியின் ஒற்றை வினாவுக்கு விடை கூற இயலவில்லை. ஆகவே தேடத் தொடங்கினோம்.

பூட்டுகளின் கதை

விளையாட்டை விற்போர் பூட்டுப் போடத் தொடங்கியது நேற்று இன்றல்ல. 1980களில் ஆட்டத்தோடு ஒரு கைந்நூல் வரும். “இத்தனையாம் பக்கத்தில் இத்தனையாம் வரியிலுள்ள சொல் யாது?” என்று கணினி கேட்கும். நூல் வைத்திருப்பவன் விடை சொல்வான், பிரதியெடுத்தவன் விழிப்பான். அது எளிய பூட்டு. எவருக்கும் பெரும் தீங்கு இல்லை.

பின்னர் இறுவட்டுகள் வந்தன. சேஃப்டிஸ்க் என்ற பூட்டு வட்டிலே பிரதியெடுப்பதற்குக் கடினமான சில குறிகளை இட்டு வைத்தது. அக்குறிகளைச் சரிபார்க்க விண்டோஸின் உள்ளறையிலே ஒரு காவற்காரனையும் குடியேற்றியது. ஆண்டுகள் சென்றன. அந்தக் காவற்காரனால் கணினியின் பாதுகாப்புக்கு ஆபத்து உண்டென்று கண்டு, 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10 அவனை உள்ளே விட மறுத்தது. அதே ஆண்டில் பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் அவன் முடக்கப்பட்டான். விளைவு? முறையாக விலை கொடுத்து வாங்கி, வட்டில் கீறல் விழாமல் அலுமாரியில் போற்றி வைத்திருந்தவர்களின் ஆட்டங்கள் ஓடாமற் போயின. பூட்டை உடைத்த களவுப் பிரதிக்கோ காவற்காரனே தேவையில்லை, அது ஓடிற்று.

இசைத்தட்டும் இதற்கு விலக்கன்று. 2005ஆம் ஆண்டில் சோனி பிஎம்ஜி நிறுவனம் விற்ற இசை வட்டுகளைக் கணினியில் இட்டவர்களின் இயந்திரங்களில், அவர்கள் அறியாமலே ஒரு மறைவு நிரல் நுழைந்தது. பிரதியெடுப்பதைத் தடுப்பது அதன் நோக்கம். ஆனால் அது ஒளிந்துகொண்ட முறையைப் பின்பற்றி வேறு தீய நிரல்களும் ஒளிந்துகொள்ள வழி பிறந்தது. மார்க் ருசினோவிச் என்னும் கணினி வல்லுநர் அதனை வெளிப்படுத்தியபின், அந்நிறுவனம் வட்டுகளை மீளப் பெற நேர்ந்தது.

2008இல் வெளியான ஸ்போர் என்ற விளையாட்டை மூன்று கணினிகளுக்கு மேல் நிறுவ முடியாதென்று முதலில் வரையறுத்தார்கள். வாங்கியோர் கொதித்தெழுந்தனர்; பின்னர் அவ்வெண்ணிக்கை ஐந்தாக உயர்த்தப்பட்டது. இத்தனை பூட்டுக்குப் பின்னும் அவ்வாண்டில் மிக அதிகமாகக் களவாகப் பிரதியெடுக்கப்பட்ட விளையாட்டு அதுவே என்று பேசப்பட்டது. 2010இல் யூபிசொஃப்ட் நிறுவனம், அசாசின்ஸ் கிரீட் விளையாட்டின் இரண்டாம் பாகத்தைக் கணினியில் ஆடுவோர் எந்நேரமும் இணையத்தில் இருக்கவேண்டும் என்றது. வெளியான சில நாட்களிலேயே அந்நிறுவனத்தின் கணினிகள் தடுமாறி, விலை கொடுத்தவர்கள் வெளியே நின்றனர். 2013 மார்ச்சில் சிம் சிட்டிக்கும் இதே கதி. இணையமின்றி ஆடும் வசதியை அதன் உரிமையாளர்கள் தருவதற்கு ஓராண்டு சென்றது. 2024 மார்ச் 31ஆம் திகதியோடு த குரூ என்ற காரோட்ட விளையாட்டின் கணினிகளை யூபிசொஃப்ட் நிறுத்திவிட, அதனை வாங்கியிருந்த அனைவரிடமும் வெறும் பெட்டியே எஞ்சிற்று.

எனவே, குருவிட்டப் பகுதியில் ஒரு லயத்தறையில் நடந்தது தனி ஒருவனின் தலைவிதி அன்று. அது உலகளாவிய ஒரு வழக்கின் சிறு கிளை. வேற்றுமை ஒன்று உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இணையம் அறுவது அபூர்வம். அங்கே பூட்டு எப்போதாவதுதான் உறுத்தும். மின்சாரமும் தொடர்பும் வந்து போகும் தோட்டத்திலோ அது நாள்தோறும் உறுத்தும். பூட்டைச் செய்தவன், பாறைமீது ஏறி நின்று தொடர்பு தேடும் ஒரு பையனை மனத்தில் வைத்துச் செய்யவில்லை.

நியாயத்தை இருபுறமும் நோக்கவேண்டும். ஒரு பெரிய விளையாட்டை ஆக்க நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைக்கின்றனர். வெளியான முதற் சில வாரங்களில் விற்பனையாவதே அவர்களுக்குப் பெரும் வருவாய். அந்த நாட்களில் களவைத் தடுக்க அவர்கள் முயல்வதைத் தவறென்று கூற இயலாது. வீட்டுக்குக் கதவு வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாளும் வேண்டும். ஆனால் வீட்டை விற்றபின்னும் திறப்பை விற்றவரே வைத்திருப்பதுதான் முறையன்று. எல்லா வியாபாரிகளும் இப்படி நடப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். போலந்து நாட்டின் சிடி புரொஜெக்ட் குழுமம் 2008இல் தொடங்கிய ஜிஓஜி என்ற கடை, பூட்டே இல்லாத விளையாட்டுகளை விற்று வருகின்றது. வாங்கியவன் அதனைச் சேமித்து வைத்து, இணையம் இல்லாத வேளையிலும் நிறுவிக்கொள்ளலாம்.

இரு பாதைகள்

நாம் இவ்வாறு தேடிக்கொண்டிருந்த நாட்களில், பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த எம் பழைய மாணவன் ஒருவன் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தான். பையனின் கதையைக் கேட்டதும், “சேர், லினக்ஸுக்கு மாத்திப் பார்ப்போமா?” என்றான்.

கணினி அறியாத பெற்றோருக்காக ஒரு விளக்கம் கூறவேண்டும். கணினியின் உறுப்புகளையெல்லாம் ஆண்டு நடத்துவது பணிசெயல் முறைமை எனப்படும். விண்டோஸ் ஒரு பணிசெயல் முறைமை, லினக்ஸ் மற்றொன்று. முதியவர்கள் களனிவெளி ரயிற் பாதையை நினைவிற் கொள்வர். 1970கள் வரை அது அவிசாவளையைத் தாண்டிக் குருவிட்ட ஊடாக இரத்தினபுரிக்கும் அப்பாலும் சென்றது. தண்டவாளங்களின் இடைவெளி 2 அடி 6 அங்குலமே. நாட்டின் ஏனைய பிரதான பாதைகளுக்கோ இடைவெளி 5 அடி 6 அங்குலம். கண்டிக்கு ஓடும் வண்டி இரத்தினபுரிக்கு ஓடாது. பணிசெயல் முறைமைகளும் அத்தகையனவே. விண்டோஸ் என்ற பாதைக்கெனச் செய்த விளையாட்டு லினக்ஸ் பாதையில் தானாக ஓடாது.

லினக்ஸின் கருவை 1991ஆம் ஆண்டில் பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் எழுதினார். அதற்கு முன்பே, 1983இல், ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு வித்திட்டிருந்தார். மென்பொருளை எத்தேவைக்கும் பயன்படுத்தலாம். அதன் உள்ளமைப்பை ஆராயலாம். பிறருக்குப் பிரதி கொடுக்கலாம். திருத்திய வடிவத்தையும் பகிரலாம் என்ற நான்கு சுதந்திரங்கள் அவ்வியக்கத்தின் அடிப்படை. இவ்விரண்டும் இணைந்து வளர்ந்ததே இன்றைய லினக்ஸ் குடும்பம்.

விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓட்டுவது எப்படி? 1993இல் வைன் என்ற திட்டம் தொடங்கியது. விண்டோஸுக்கென எழுதிய நிரல் கேட்பவற்றையெல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி உடனுக்குடன் மாற்றிச் சொல்வது அதன் பணி. அகன்ற பாதை வண்டிக்கு ஒடுங்கிய பாதைச் சக்கரம் பூட்டுவதற்கு ஒப்பானது. ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், வைனை அடிப்படையாகக் கொண்டு 2018 ஆகஸ்டில் புரோட்டோன் என்ற கருவியை வெளியிட்டது. 2022 பெப்ரவரியில் ஸ்டீம் டெக் என்னும் கையடக்க விளையாட்டுக் கணினியை லினக்ஸின் மீதே அமைத்து விற்கத் தொடங்கியது. அதன்பின், விண்டோஸ் விளையாட்டுகளில் மிகப் பலவற்றை லினக்ஸில் ஆட வழி பிறந்துவிட்டது.

ஒரு வெட்கம்

பல்கலைக்கழக மாணவன் மடிக்கணினியைத் திறந்தான். சிறிது நேரம் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டான்: “சேர், இந்த விண்டோஸுக்கு உரிமம் இருக்கா?”

இல்லை. விற்ற கடைக்காரர் தாமாகவே ஒரு களவுப் பிரதியை இட்டுக் கொடுத்திருந்தார். பையனுக்கும் தெரியாது; தந்தைக்கும் தெரியாது. அசல் விளையாட்டை வாங்கும்படி உபதேசித்த எமக்கும் அதைப் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. அன்றிரவு வீடு திரும்பி எமது சொந்தக் கணினியைப் பரிசோதித்தோம். அதிலிருந்ததும் அவ்வாறே. பரீட்சை வினாத்தாள்களையும், பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நற்சான்றிதழ்களையும், புலமைச் சொத்தைப் பற்றிய அந்தப் பாடத்தின் குறிப்புகளையும் நாம் தட்டெழுதியது களவெடுத்த மேடைமீது அமர்ந்துகொண்டுதான்!

எம்மைப் போன்றோர் நாட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம். நாம் களவை வெறுப்பதாகச் சொல்கின்றோம். ஆனால் எமக்கு வசதியான களவை மட்டும் காணாதது போல் இருக்கின்றோம். பிள்ளைகளின் கண்ணோ கூர்மையானது.

மறுநாள் இரண்டு கணினிகளுக்கும் லினக்ஸ் மின்ட் நிறுவப்பட்டது. செலவு ஏதுமில்லை. முதலில் ஒரு பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தோம். இருந்ததை அழிக்காமலே புதியது பிடிக்கின்றதா என்று அறிய இவ்வழி உதவிற்று. பிடித்தபின், கோப்புகளையெல்லாம் வேறிடத்தில் சேமித்துவிட்டு முழுமையாக நிறுவினோம். தமிழ் எழுத்துகள் எடுத்த எடுப்பிலேயே ஒழுங்காகத் தெரிந்தன. பழைய கணினி முன்னைக் காட்டிலும் விரைவாக எழுந்து நின்றது.

கிடைத்ததும் கிடையாததும்

இனி வாசகர்கள் எதிர்பார்க்கும் வினாவுக்கு வருவோம். பூட்டிய விளையாட்டு ஓடிற்றா?

இல்லை என்பதே உண்மை. புரோட்டோன் வழியாக அது எழுந்தது; ஆனால் அதே கதவில் போய் நின்றது. பணிசெயல் முறைமையை மாற்றினால் கடல் கடந்த நிறுவனத்தின் மனம் மாறிவிடாது. இன்னும் சொன்னால், டெனுவோ போன்ற சில பூட்டுகள் புரோட்டோனின் ஒவ்வொரு பதிப்பையும் ஒரு புதுக் கணினியாக எண்ணிவிடக்கூடும். லினக்ஸில் ஆடுவோர் பலர் இதனால் ஒரு நாள் வரை வெளியே நிற்க நேர்ந்ததுண்டு. பலர் கூடி இணையத்தில் ஆடும் சில விளையாட்டுகள் லினக்ஸை அறவே ஏற்பதில்லை. ஆட்டத்தில் ஏமாற்றுவோரைப் பிடிக்கும் காவல் நிரல் கணினியின் உள்ளறை வரை செல்லவேண்டும் என்பது அவற்றின் நிபந்தனை. வலரன்ட், போர்ட்நைட் ஆகியன இவ்வகையின. ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. 2024 இறுதியில் அதுவும் கதவை அடைத்தது. நண்பர்கள் எல்லோரும் அவற்றையே ஆடும்போது ஒருவன் மட்டும் விலகி நிற்பது இளமனத்துக்கு எளிதன்று.

ஆறு வாரங்களின் பின் நிறுவனம் பையனின் எண்ணிக்கையைப் புதுப்பித்துக் கொடுத்தது. அதன்பின் அவன் சில நாள் ஆடினான். முன்னைய ஆவல் இல்லை.

ஆனால் வேறொன்று கிடைத்தது. சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற காரோட்டம். பேட்டில் ஃபார் வெஸ்நோத் என்ற போர்த்தந்திர விளையாட்டு. மௌரியப் பேரரசையும் ஆட்டத்தில் சேர்த்துள்ள 0 ஏ.டி. என்ற பண்டைக்கால வரலாற்று விளையாட்டு. இவை யாவும் கட்டற்றவை. மின்சாரம் போனாலும், கோபுரம் உறங்கினாலும், மின்கலம் உள்ளவரை ஆடலாம். பெரிய நிறுவனங்களின் பளபளப்பு இவற்றில் இல்லைதான். அது பையனுக்கும் தெரியும். ஆனால் ஒருநாள் அவன் கேட்ட கேள்வி எமக்கு முக்கியமாகப் பட்டது.

“சேர், இத பக்கத்து லயத்துப் பயலுக்குக் காப்பி பண்ணிக் குடுக்கலாமா?”

“கொடுக்கலாம்” என்றோம்.

“களவு இல்லையா?”

“இல்லை, தம்பி. செய்தவர்களே கொடுக்கச் சொல்லியிருக்கின்றார்கள்.”

தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இக்கேள்வியின் ஆழம் விளங்கும். ஒரு வீட்டில் பலகாரம் சுட்டால் அடுத்த வீட்டுக்கும் ஒரு தட்டுப் போகும். ஒருவனிடம் உள்ள நல்ல பொருளை அடுத்தவனுக்குக் கொடுப்பதே அங்கு பண்பு. அந்தப் பண்பையே குற்றமென்று சட்டம் கூறும்போது பிள்ளை தடுமாறுகின்றான். பகிர்வதும் நேர்மையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று காட்டும் ஒரு வழி இருப்பதை அவன் அன்று கண்டான். தந்தையின் வினாவுக்கு எமக்குக் கிடைத்த விடையும் இதுவே. களவெடுப்பது தவறு, அதற்காக, பூட்டிய பெட்டிக்கு விலை கொடுத்துத்தான் தீரவேண்டும் என்பதில்லை.

நம் நாட்டவரும் நம் மொழியினரும்

கட்டற்ற மென்பொருள் என்பது எங்கோ வெள்ளையர் செய்து நாம் வாங்குவது என எண்ணவேண்டா. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபோது, காணாமற்போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிவு செய்வதற்காக இலங்கையின் கணினித் தொண்டர்கள் சஹானா என்ற கட்டற்ற மென்பொருளை ஆக்கினர். பின்னர் பிற நாடுகளின் பேரிடர்களிலும் அது பயன்பட்டது. தமிழ்நாட்டரசின் எல்கொட் நிறுவனம், உமாசங்கர் என்ற அதிகாரி பொறுப்பிலிருந்தபோது, 2007ஆம் ஆண்டளவில் லினக்ஸைக் கைக்கொண்டது. 2011 முதல் அங்கே மாணவர்க்கு விலையின்றி வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. கட்டற்ற மென்பொருளைத் தமிழிலே விளக்குவதற்கென்று கணியம் என்ற இணைய இதழ் 2012 முதல் வெளிவருகின்றது. ஆங்கிலம் தடையென்று நம் மாணவர் அஞ்சத் தேவையில்லை.

பெற்றோருக்குச் சில சொற்கள்

முதலாவதாக, பிள்ளைக்கு ஒரு விளையாட்டை வாங்குமுன் மூன்று வினாக்களைக் கேட்கவேண்டும். தனியாக ஆடவும் எந்நேரமும் இணையம் வேண்டுமா? எத்தனை கணினிகளில் நிறுவலாம்? விற்பவர் கடையை மூடினால் வாங்கியது என்னவாகும்? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், இணையவழி விற்பவர்கள் தாம் கொடுப்பது உடைமையா, பயன்படுத்தும் அனுமதி மட்டுமா என்பதைத் தெளிவாகக் கூறவேண்டும் என்ற சட்டம் 2025இல் நடைமுறைக்கு வந்தது. நாமும் அந்த வினாவைக் கேட்கப் பழகவேண்டும்.

இரண்டாவதாக, பூட்டில்லாமல் விற்பவர்களிடம் வாங்குவது நன்று. நல்ல வியாபாரியை ஆதரிப்பதே தீய வழக்கத்துக்கு மாற்று. பூட்டின் மீதுள்ள கோபத்தைக் களவுக்கு நியாயமாகக் கொள்வது தகாது. மேலும், களவுப் பிரதியோடு எத்தகைய நச்சு நிரல் உடன் வருகின்றது என்பதை எவரும் அறியார்.

மூன்றாவதாக, பணிசெயல் முறைமையை மாற்ற விரும்புவோர் ஒரே நாளில் பாலத்தை எரித்துவிட வேண்டா. பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். கோப்புகளைச் சேமித்து வையுங்கள். பிள்ளையின் பாடத்துக்கு வேண்டிய நிரல்களும், அவன் விரும்பும் விளையாட்டுகளும் அங்கே இயங்குமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

நான்காவதாக, பழைய கணினியைக் குப்பையில் எறியாதீர்கள். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு வேண்டிய பாதுகாப்புச் சில்லு பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. அத்தகைய இயந்திரங்களுக்கு லினக்ஸ் இன்னும் சில ஆண்டு உயிர் கொடுக்கும்.

இந்த நான்காவது அறிவுரை எமது சொந்தச் சரக்கன்று. அந்தப் பையன் இப்போது உயர்தர வகுப்பில் தொழினுட்பம் பயில்கின்றான். சென்ற ஆண்டின் இறுதியில், ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த இரண்டு பழைய கணினிகளைத் தூசு தட்டித் திறந்து, லினக்ஸ் நிறுவி, சிறு பிள்ளைகள் பயிலக் கொடுத்தவன் அவனே. அதைப் பார்ப்பதற்கென்றே அவனது தந்தை பால்வெட்டு முடிந்து நேரே வந்திருந்தார். கணினிகள் இரண்டும் எழுந்து நின்றதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் எம் பக்கம் திரும்பினார்.

“இது நம்மளுதுங்களா ஐயா? யாரும் வந்து கேக்க மாட்டாங்களே?”

“ஒருவரும் கேட்கமாட்டார்கள்” என்றோம். இம்முறை விடை சொல்ல எமக்குத் தயக்கமிருக்கவில்லை.